பிளாஸ்டிக் சர்ஜரி பயிற்சியில் இருக்கிறேன். விலை உயர்ந்த லூப் (கண்ணாடியோடு மாட்டும் உருப்பெருக்கி) வாங்கினால் கழுத்து வலி போகுமா?

போகலாம், கூடவும் செய்யலாம். பெங்களூருவில் எம்.சிஎச். (அறுவை சிகிச்சை உயர்சிறப்புப் படிப்பு) இரண்டாம் ஆண்டு, லூப் போட்டு 4 மணி நேரம் நின்றால் கழுத்தும் வலது தோளும் இறுகிவிடுகின்றன என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். விலையை அப்புறம் பார்க்கலாம். முதலில் இப்போதைய லூப்பின் சரிவுக் கோணமும் (லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) வேலைத் தூரமும் (கண்ணிலிருந்து ஃபோகஸ் விழும் இடம் வரை உள்ள தூரம்) உங்களுக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

தலை ஏறக்குறைய 5 கிலோ. குனியக் குனிய அந்தப் பாரம் பின்கழுத்துத் தசைகளின் மேல் விழுகிறது. முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, 30 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மீது 18 கிலோ, 60 டிகிரியில் 27 கிலோ. நெற்றியில் மாட்டும் ஹெட்லைட்டின் எடை இதில் சேரவில்லை.

அடுத்த கேஸில் யாரையாவது பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்து 25 டிகிரிக்கு மேல் குனிந்திருந்தால் லூப் அல்லது டேபிள் தப்பு. உட்காரவைத்து அளவெடுத்த லூப்பின் வேலைத் தூரம் பெரும்பாலும் குறைவாகவே அமையும். நின்று ஆபரேஷன் செய்யும்போது ஃபோகஸ் கிடைக்க உடம்பே கீழே போக வேண்டியிருக்கும். ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) நிற்கும் அதே நிலையில், முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க, கண்ணிலிருந்து காயம் வரை அளக்கச் சொல்லுங்கள். கண்ணாடியிலேயே பதித்த வகை இலகுவானது, ஆனால் கோணத்தைப் பின்னால் மாற்ற முடியாது. தூக்கி மடக்கும் வகையில் மாற்றலாம், முன்பாரம் கூடும். ப்ரிஸம் வைத்த புது வகையில் தலை நேராகவே இருக்கும். கை-கண் பழக்கம் வரச் சில வாரம் ஆகும், முதலில் சின்ன கேஸ்களில் போட்டுப் பாருங்கள்.

டேபிள் உயரம்: அறுக்கும் இடம் முழங்கை மட்டத்தில், அல்லது சற்றுக் கீழே. மெத்தையை வைத்துக் கணக்கிடாதீர்கள், காயத்தை வைத்துக் கணக்கிடுங்கள். குழுவில் உயரமானவருக்கு டேபிளை ஏற்றிவிட்டு, குள்ளமானவர் ஸ்டூலில் ஏற வேண்டும். அப்போது பைபோலார் (ரத்தக் கசிவை மின்சாரத்தால் அடைக்கும் கருவி) பெடலும் ஸ்டூலின் மேலேயே இருக்கட்டும். இல்லையென்றால் அவர் ஒற்றைக் காலில்தான் நிற்பார். 'ஸ்வல்ப மேலெ' (கொஞ்சம் மேலே), 'ஸ்வல்ப கெளகெ' (கொஞ்சம் கீழே) இரண்டும் இங்கே முதலில் கற்க வேண்டிய கன்னடம், தயங்காமல் சொல்லுங்கள்.

கேஸின் நடுவிலும் உயரம் மாறும். மார்பக இம்ப்ளான்ட்டில் சமச்சீர் பார்க்க நோயாளியை நிமிர்த்தினால் மார்பு மேலே வந்துவிடும். டேபிளை இறக்க மறந்து அப்படியே தைப்பதால்தான் தோள் காதுவரை தூக்கிக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்துக்கு எட்டிச் சாயாமல், நோயாளியைப் பட்டையால் கட்டிய பிறகு டேபிளை உங்கள் பக்கம் சாய்க்கலாம், அல்லது சுற்றிப் போய் நிற்கலாம். லைப்போசக்‌ஷனில் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பதில்) இது கட்டாயம். அங்கே மணிக்கட்டை நேராக வைத்து, பாதத்தில் பாரத்தை மாற்றி மாற்றித் தள்ளுங்கள். மணிக்கட்டை மட்டும் வைத்துத் தள்ளினால் முழங்கைத் தசைநாண் போய்விடும்.

மைக்ரோஸ்கோப்பில் முதலில் உங்கள் ஸ்டூல், அடுத்து டேபிள், கடைசியாக ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் பகுதி) என்ற வரிசையில் சரிசெய்யுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஐபீஸைத் தேடிக் கழுத்தை நீட்டுகிறார்கள். பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும், முன்கையின் கீழ் மடித்த ஷீட் வேண்டும். கை தொங்கினால் 9-0 தையலில் (மிக மெல்லிய நூல்) நடுக்கம் கூடும், ட்ரபீசியஸும் (கழுத்து-தோள் தசை) எரியும்.

20-லிருந்து 40 நிமிடத்துக்கு ஒரு முறை ஓரிரு நிமிட இடைவெளி விடுங்கள். கையுறையைக் கழற்ற வேண்டாம். கைகளை மார்பருகே வைத்துக்கொண்டே தாடையை உள்ளிழுத்து, தோளைப் பின்னால் சுழற்றி, இடுப்பைப் பின்னுக்கு வளைத்தால் போதும். ரத்தக் கசிவைக் குறைக்க ஊசியில் போட்ட அட்ரினலின் வேலை செய்யக் காத்திருக்கும் நேரம், டூர்னிக்கே (ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கட்டும் பட்டை) இறக்கிய பின் அழுத்திப் பிடிக்கும் நேரம் எல்லாம் இதற்குத்தான். அழுத்திப் பிடிப்பதை அசிஸ்டன்ட்டிடம் கொடுங்கள்.

கையுறையையும் பாருங்கள். இரட்டையாகப் போடும்போது உள்ளே அரை சைஸ் பெரியது பலருக்குச் சரிவரும். இறுக்கமாக இருந்தால் விரல் மரத்துப்போகும். கேஸ் முடிந்து பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டுவதும் அதே கழுத்துதான், சீட்டை நிமிர்த்திவையுங்கள்.

மரத்துப்போவது கையுறை மாற்றியும் நிற்கவில்லை, தோளிலிருந்து விரல்வரை மின்னல்போல் வலி இறங்குகிறது, ஊசி பிடிக்கும் பிடி தளர்கிறது என்றால் லூப், பயிற்சி எதையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். முதுகெலும்பு மருத்துவரைப் பாருங்கள்.