கடலூரில் வழக்கு நடத்தும் வக்கீல் சட்டப் பேராசிரியர் ஆகலாமா?

கடலூர் கோர்ட்டில் சிவில் வழக்குகள் நடத்திக்கொண்டே புதுச்சேரியில் சட்டம் கற்பிக்க முடியுமா, பிராக்டிஸை விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடனே விட வேண்டியதில்லை. பலருக்கும் தெரியாத ஒரு வழி இருக்கிறது. வழக்கறிஞர்கள் சட்டத்தின் கீழ் 1979-இல் வந்த விதிகளின்படி, ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மிகாமல் பாடம் எடுத்தால், சம்பளம் எவ்வளவு, பதவிப் பெயர் என்ன என்பதெல்லாம் பொருட்டில்லை, அது பகுதி நேர வேலைதான். கல்லூரி பல்கலைக்கழகத்துடன் இணைந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். புதுச்சேரி காலாப்பட்டில் உள்ள டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி அப்படிப்பட்டதுதான்.

முழு நேர உதவிப் பேராசிரியர் என்றால் கதை வேறு. வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு பிராக்டிஸை நிறுத்தியாக வேண்டும். சட்ட முதுகலைப் படிப்பான எல்.எல்.எம்.மில் 55% மதிப்பெண் வேண்டும், அப்புறம் பேராசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வில், அதாவது தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட்டில், தேர்ச்சி வேண்டும். எத்தனை வருட கோர்ட் அனுபவம் இருந்தாலும் அது நெட்டுக்கு ஈடாகாது. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் விதி அப்படித்தான். நெட் தேர்வில் 2 தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண்; முதல் தாள் சட்டமே கிடையாது என்பதால் வக்கீல்கள் அங்கே சறுக்கிவிடலாம்.

வகுப்பில் உங்கள் பலம் வரைவுப் பாடம். வழக்குரை எழுதுவது, மாதிரி நீதிமன்றம் இரண்டும் சட்டப் படிப்பில் கட்டாயம். தடையாணை மனுவை நிஜமாகவே வாதாடியவர் அதைச் சொல்லித்தரும்போது மாணவர்கள் தூங்க மாட்டார்கள். கட்சிக்காரர்களின் வழக்குக் கட்டுகளை மட்டும் அப்படியே வகுப்புக்கு எடுத்துப் போகாதீர்கள். தொழில் ரகசியம் அங்கேயும் பொருந்தும்.