கை கால் விறைப்பு: நான்கு வீட்டுக்கு ஒரு நோட்டு

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கையும் காலும் விறைத்துக்கொண்டே வருகின்றன. எங்கள் தெருவில் இதே போல இன்னும் மூன்று பேர், அதில் ஒன்று மூளை முடக்குவாதம் உள்ள ஆறு வயதுக் குழந்தை. அம்மா தனியாகச் சமாளிக்கிறார். நான்கு வீட்டாரும் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: தாராளமாக முடியும். சங்கம், பதிவு என்றெல்லாம் இப்போதே அலைய வேண்டாம். ஆளுக்கொரு பக்கமாக ஒரு நோட்டுப் போடுங்கள். இன்று விறைப்பு எப்படி, மலம் போனதா, சிறுநீர் எரிச்சல் உண்டா, முதுகில், குதிகாலில் தோல் சிவந்திருக்கிறதா, மாத்திரை இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது. இவ்வளவு போதும்.

விறைப்பு திடீரென்று கூடினால் காரணம் பல நேரம் வேறு இடத்தில் இருக்கும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண். மாத்திரையைக் கூட்டச் சொல்லி அழைத்து வந்த ஒருவருக்கு, கால் பெருவிரல் நகம் சதைக்குள் குத்தியிருந்ததைப் பார்த்தேன். அதைச் சரிசெய்த சில நாளில் கால் இளகியது. பேச முடியாதவருக்கு விறைப்புதான் வாய்.

விறைப்பைக் குறைக்கத் தரும் பேக்லோஃபென் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பலாம். அதனால்தான் நோட்டில் மாத்திரைக் கணக்கு.

மூடிய கையைத் திறக்க விரல்களைப் பிடித்து இழுக்காதீர்கள். வேகமாக இழுத்தால் தசை இன்னும் இறுகும். முதலில் மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெல்ல மடக்குங்கள், விரல்கள் தளரும். பிறகு கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே கொண்டுவாருங்கள். மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நகம் வெட்டுங்கள். அப்பாவைத் தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது; தோள் மூட்டு நழுவிவிடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள். அவர் வரும் நாளில் நான்கு வீட்டிலிருந்தும் ஒருவர் கூடிக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் அப்பாவுக்குச் சொன்ன பயிற்சியை அடுத்த வீட்டுக்காரருக்குச் செய்யாதீர்கள். காலின் விறைப்பை ஊன்றுகோலாக்கி நிற்பவர்கள் உண்டு. அதை முழுதும் இளக்கினால் விழுந்துவிடுவார்கள். குழந்தைக்கு முறையே வேறு. உங்கள் பக்கத்திலேயே, ஆய்க்குடியில், 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கம் இருக்கிறது. குழந்தையை அங்கே காட்டச் சொல்லுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கம் பராமரிப்பவர்களுக்கு. வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் இன்னொரு வீட்டார் வந்து உட்கார வேண்டும், அந்த நேரத்தில் பராமரிப்பவர் தூங்கலாம், கோயிலுக்குப் போகலாம். பயிற்சியை விட்டாலும் இதை விடாதீர்கள். அந்த முறைப் பட்டியலில் முதல் பெயராக உங்கள் அம்மா பெயரை எழுதுங்கள்.