படகில் ஆறு மாதம்: ஆர்.ஓ. இருந்தால் தண்ணீர்க் கவலை தீர்ந்துவிடுமா?

கேள்வி: பெருந்துறையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 52 வயது, கணவருக்கு 57. இருவரும் பாய்மரப் படகுப் பயிற்சி முடித்திருக்கிறோம். வரும் மே முதல் அக்டோபர் வரை ஃபிஜியின் யசாவா தீவுகளில் 38 அடி படகிலேயே தங்கப் போகிறோம். இருவரும் சைவம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. இருப்பதால் தண்ணீருக்குக் கவலையில்லை என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. தண்ணீரையும் சமையலையும் எப்படிச் சமாளிப்பது?

பதில்: உங்கள் மனம் சொல்வதுதான் சரி. நீங்கள் தேர்ந்தெடுத்த மாதங்கள் புயல் காலத்துக்கு வெளியே இருப்பதால் அதில் நிம்மதி. ஆனால் அங்கே மழை குறைவான மாதங்களும் அவைதான். யசாவா பக்கத்துக் கிராமங்களுக்கே அப்போது தண்ணீர் தட்டுப்படும். அவர்களிடம் போய்க் குடத்தை நீட்டக் கூடாது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைப் பிரிக்க, வீட்டு ஆர்.ஓ.வைப் போல் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தம் வேண்டும். திருப்பூர் சாயப்பட்டறையில் ஆர்.ஓ. ஓட்டும் யாரையாவது கேட்டுப் பாருங்கள், உப்பைப் பிரிக்கும் சவ்வைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு என்பார்கள். டீசல் படலம் மிதக்கும் துறைமுகத்தில் ஓட்டினால் சவ்வு போச்சு. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரால் அலசினாலும் அதே கதிதான், இடையில் கரி வடிகட்டி கட்டாயம். நானும் என் மனைவியும் படகில் இருந்தபோது, அவசரத்தில் துறைமுகத்துக்குள்ளேயே ஓட்டிச் சவ்வைக் கெடுத்துவிட்டேன். அப்புறம் ஒன்பது நாள், தொட்டியில் மிச்சமிருந்த 90 லிட்டரில் ஓட்டினோம்.

அதனால் ஆர்.ஓ. இல்லை என்றே கணக்குப் போடுங்கள். இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 15 லிட்டர். தொட்டி 300 லிட்டர் என்றால் இருபது நாள் தாங்கும். இதில் சேராமல் 40 லிட்டரைத் தனிக் கேன்களில் வையுங்கள். ஒரு தொட்டி கெட்டாலும் உயிர்த் தண்ணீர் கையில் இருக்கும். குளியலுக்கு, மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் ஒன்றைப் புதிதாக வாங்குங்கள் (தோட்டத்தில் பயன்படுத்தியது வேண்டவே வேண்டாம்). கடலில் குளித்துவிட்டு அதில் இரண்டு லிட்டர் அடித்தால் உப்பு போய்விடும். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து, கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். மழை வந்தால் முதல் பத்து நிமிடத் தண்ணீர் துணிக்கூரையின் உப்பையும் பறவை எச்சத்தையும் கழுவிப் போகட்டும், அதற்குப் பிறகு குழாயைத் தொட்டிக்குத் திருப்புங்கள்.

சமையலுக்கு நம்மூர் அரிசிம்பருப்புச் சாதத்தைவிடப் படகுக்குப் பொருத்தமான உணவை நான் பார்க்கவில்லை. ஒரே குக்கர், மூடி இறுகியிருப்பதால் ஆட்டத்தில் சிந்தாது, எரிவாயுவும் மிச்சம். ஊரிலிருந்து கறிவேப்பிலை, விதை எதுவும் கொண்டுபோகாதீர்கள், சோதனை கண்டிப்பானது. 1903 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய தென்னிந்தியரின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதனால் அங்குள்ள லௌடோகா நகரச் சந்தையிலேயே முருங்கை, கறிவேப்பிலை, பருப்பு கிடைக்கும். பூசணி, முட்டைகோஸ், வெங்காயம் வாரக்கணக்கில் தாங்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் தேங்கி, ஒரு பொறியில் வெடிக்கும். சமைத்து முடித்ததும் சிலிண்டர் வால்வையே மூடுவதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

தீவில் தென்னை தனியாக நிற்கிறதே என்று காய் பறிக்க வேண்டாம், அதற்கும் உடையவர் உண்டு. நம் தோப்பில் கேட்காமல் கை வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? நங்கூரம் போட்டதும், அவர்கள் பானம் தயாரிக்கும் யங்கோனா வேர்க்கட்டோடு ஊர்த் தலைவரைப் பாருங்கள். செவுசெவு என்னும் அந்த மரியாதை முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கிளம்பும் முன் பெருந்துறை வீட்டிலேயே ஒரு வாரம் மோட்டார் போடாமல், நாளுக்கு 15 லிட்டரைக் குடத்தில் அளந்து வைத்து வாழ்ந்து பாருங்கள். படகில் கழிவறைக்குக் கடல்நீர்தான், அதனால் அதை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். எங்கே வீணாகிறது என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும். எங்களுக்குப் பாத்திரம் கழுவுவதில்தான் அதிகம் போனது.