முப்பத்தாறில் எது உசத்தி?

கேள்வி: பழைய சீனத்தின் போர்க்கலை ஆசான் சன் சூ எழுதிய 36 தந்திரங்களைக் கரைத்துக் குடித்தவனை அரசியலில் யாராலும் அசைக்க முடியாது என்கிறார் என் நண்பர். அவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது?

பதில்: சன் சூவை இதில் இழுக்காதீர்கள், பாவம். அவர் பெயரில் இருப்பது போர்க்கலை பற்றிய 13 அதிகாரங்கள். 36 தந்திரங்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய சரக்கு. எழுதியவர் பெயர்கூட இல்லை. அதில் பாதி, ஏமாந்தவன் தலையில் மிளகாய் அரைப்பதைத்தான் விதவிதமாகச் சொல்கிறது.

எனக்குப் பிடித்தது கடைசியில் வரும் 36-ஆவது: ஓடிவிடு.

சிரிக்காமல் 24-ஆவதைப் பாருங்கள். 'வழி கேட்டு வாங்கி, குவோவை அடி.' கி.மு. 658. ஜின் நாட்டுக்குக் குவோ நாட்டின் மேல் ஒரு கண். நடுவில் யூ என்ற குட்டி நாடு. உங்கள் உயர்சாதிக் குதிரைகளையும் ஜேட் கல்லையும் யூ அரசனுக்குக் கொடுத்து வழி கேட்போம் என்றார் ஜின் அமைச்சர் ஷுன் ஷி. ஜின் அரசனுக்குக் கொடுக்க மனசில்லை. 'வெளிக் கிடங்கில் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்று சமாதானம் சொல்லித்தான் அவற்றை வாங்க முடிந்தது.

யூ அரசன் வழி விட்டதோடு நில்லாமல் தன் படையையும் கூட அனுப்பினான். கி.மு. 655-இல் ஜின் மறுபடி வழி கேட்டது. கோங் ஜிச்சி என்ற அமைச்சர், உதடு போனால் பல்லுக்குக் குளிரும், குவோ போனால் அடுத்தது நாம்தான் என்று மன்றாடினார். அரசன் சொன்ன பதில்தான் அருமை: ஜின் நம் பங்காளி, கெடுதல் செய்வானா? போதாக்குறைக்கு, நான் படையலில் ஒரு குறையும் வைத்ததில்லை, தெய்வம் காப்பாற்றும் என்றும் சொன்னான்.

தந்திரத்தில் ரகசியம் எங்கே இருக்கிறது? முழுத் திட்டத்தையும் அரசனின் முகத்துக்கு நேரே ஒருவர் போட்டு உடைத்தாயிற்று. குதிரை வாங்கிய கை கேட்கவில்லை.

கோங் ஜிச்சி என்ன செய்தார் தெரியுமா? சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார். வருஷக் கடைசிப் படையலை யூ பார்க்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். குவோவை முடித்துவிட்டுத் திரும்பும் வழியிலேயே யூவையும் விழுங்கியது ஜின். ஷுன் ஷி குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஜின் அரசன் சிரித்தானாம்: குதிரை என்னுடையதுதான், பல்தான் கிழடாகிவிட்டது.

'36-இல் ஓடுவதே உசத்தி' என்ற பேச்சு டான் தாவோஜி என்ற சீனத் தளபதியின் பெயரில்தான் வழங்குகிறது. ஆள் லேசுப்பட்டவரில்லை. கி.பி. 431-இல் எதிரி நாட்டுக்குள் உணவு தீர்ந்துபோய்ப் படை திரும்ப வேண்டிய நிலை. ராத்திரி முழுக்க மணலை அளந்து, கணக்கை உரக்கக் கூவச் சொன்னார். மிச்சமிருந்த அரிசியை மணல்மேல் தூவிவைத்தார். தானியம் ஏராளமாக இருக்கிறது என்று எதிரி நம்பினான். படை தப்பியது.

அப்பேர்ப்பட்டவரைத் தலைநகருக்கு அழைத்தார்கள். மன்னர் நோயில் கிடக்கிறார். அவருக்குப் பின் இந்த ஆளை யார் அடக்குவது என்ற பயம் அரண்மனைக்கு. காரணமில்லாமல் கூப்பிடுகிறார்கள், நல்லதற்கில்லை என்று மனைவி எச்சரித்தும் போனார். பிடித்தபோது தலைப்பாகையைக் கழற்றித் தரையில் வீசி, 'உங்கள் நெடுஞ்சுவரை நீங்களே இடிக்கிறீர்கள்' என்று கத்தினார். 436-இல் மகன்களோடு சேர்த்துக் கொன்றார்கள்.

அந்த 'ஓடுவதே உசத்தி'யை 498-இல் இன்னொருவர் எடுத்து வீசினார். வாங் ஜிங்சே என்ற முதிய தளபதி கலகம் செய்து தலைநகரை நோக்கி வர, பட்டத்து இளவரசன் ஓட்டத்துக்குத் தயாரானான். செய்தி கேட்ட கிழவர், அப்பனும் மகனும் சீக்கிரம் ஓடுங்கள், டான் ஐயா சொன்னதில் அதுதான் உசத்தி என்று நக்கலடித்தார். ஓட வேண்டியது தான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. அதே வருஷம் தோற்று வெட்டுப்பட்டார்.

அது சரி, உங்கள் நண்பர் எந்தக் கட்சி?