கிராஸ்ஃபிட்டில் அடிபடுமா? பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டவை

கிராஸ்ஃபிட் (எடை தூக்கல், புல்-அப், குதித்தல் எல்லாவற்றையும் கலந்து, பெரும்பாலும் நேரம் வைத்துச் செய்யும் பயிற்சி), அதைப் போன்ற ஃபங்ஷனல் டிரெய்னிங் வகுப்புகளில் வரும் காயங்கள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். அவசரமான கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (வேளச்சேரி, 31 வயது): சார், காலேஜில் கபடி ஆடியவன். பல வருஷம் கழித்து முந்தாநாள்தான் முதல் வகுப்புக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவரோடு போட்டி போட்டு 100 புல்-அப்பை இழுத்து முடித்துவிட்டேன். இன்று கையை நீட்ட முடியவில்லை, முழங்கைக்கு மேலே வீக்கம். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. இளநீர் குடித்தால் சரியாகிவிடுமா?

பதில்: தம்பி, மிச்சத்தை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள், இப்போதே கிளம்புங்கள். நீங்கள் சொல்வது ராப்டோமயோலிசிஸுக்கான அடையாளம். தசை இழைகள் சிதைந்து, அவற்றுக்குள் இருந்த மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. சிறுநீரின் கறுப்பு அதிலிருந்து வருவதுதான்.

இளநீர் வேண்டவே வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம். சிதைந்த தசையிலிருந்தும் பொட்டாசியம் ரத்தத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். வலி மாத்திரையும் போடாதீர்கள், அதுவும் சிறுநீரகத்துக்குச் சுமை.

அவசரப் பிரிவில் "வலி" என்று மட்டும் சொன்னால் ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும். "கடுமையாக உடற்பயிற்சி செய்தேன், சிறுநீர் கறுப்பாகப் போகிறது, சி.கே. பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். சி.கே. என்பது கிரியாட்டின் கைனேஸ். சாதாரணமாகச் சுமார் 200 யூனிட்டுக்குள் இருப்பது இந்த நிலையில் பல்லாயிரத்துக்கு ஏறிவிடும். சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்தால் ரத்தம் இருப்பதாகக் காட்டும், ஆனால் மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு தென்படாது. பட்டைக்கு மயோகுளோபினும் ரத்தமும் ஒன்றுதான். சீக்கிரம் சலைன் ஏற்றினால் பெரும்பாலோர் முழுசாகத் தேறிவிடுகிறார்கள்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இதில் மாட்டுபவர்களில் பலர் அடியோடு பழக்கமில்லாதவர்கள் இல்லை, ஒரு காலத்தில் விளையாடி, விட்டுவிட்டுத் திரும்புபவர்கள். மனசும் மூச்சும் பழைய ஆள் மாதிரி ஓடும், தசை மட்டும் புதுசாகவே இருக்கும். புதியவருக்குச் சில புல்-அப்பிலேயே கை விட்டுவிடும், அதுவே அவருக்குப் பாதுகாப்பு. கிராஸ்ஃபிட் நிறுவனமே 2005இல் தன் இதழில் இதைப் பற்றி எச்சரித்து எழுதியது. கூடவே டயாலிசிஸ் மெஷினோடு நிற்கும் ஒரு கோமாளிப் படமும் 'அங்கிள் ராப்டோ' என்ற பெயரில் உலவியது. எனக்கு அதில் சிரிக்க எதுவும் தென்படவில்லை.

கேள்வி (சிங்கப்பூர்): ஓடுவதைவிட கிராஸ்ஃபிட்டில் காயம் குறைவு என்கிறார் எங்கள் கோச். 16 சதவீதம் பேர் காயத்தால் விலகினார்கள் என்று எங்கேயோ படித்தேன். எது உண்மை?

பதில்: அந்த 16 சதவீதத்தை மறந்துவிடுங்கள். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 2013இல் வந்த எண் அது. 54 பேரில் 9 பேர் காயம் அல்லது மிகைப் பயிற்சியால் விலகினார்கள் என்று எழுதியிருந்தார்கள். கிராஸ்ஃபிட் வழக்குப் போட்டது. விலகியவர்கள் அந்தக் காரணத்தால் விலகவில்லை என்று தெரியவந்தது. 2017இல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது.

அதற்காகக் கோச் சொல்வதையும் அப்படியே விழுங்க வேண்டாம். 2018இல் 3,000 பேருக்கு மேல் கேட்டு எழுதிய ஆய்வில் 1,000 மணி நேரப் பயிற்சிக்குச் சராசரியாக ஒன்றுக்கும் குறைவான காயம்தான் வந்தது. புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கு அதே 1,000 மணிக்கு 17க்கு மேல் என்று ஒரு தொகுப்பு ஆய்வு சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரிக் கருத்துக் கணிப்புகளில் பதில் எழுதுபவர் பெரும்பாலும் இன்னும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பவர். முதுகு பிடித்து மூன்றாம் மாதமே நின்றவர் படிவத்தை எங்கே நிரப்பப்போகிறார்? அதே கணிப்பிலும் மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு காயம் பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கால்பந்தைவிட மோசமில்லை, வாக்கிங் போவதைப் போலப் பத்திரமும் இல்லை.

கேள்வி (கோயம்புத்தூர், பெண், 38): டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடைக் கம்பியைத் தூக்குவது) செய்யும்போது முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. மூன்றாவது சுற்றில்தான் குறுக்குப் பிடிக்கிறது. எடையைக் குறைக்கவா?

பதில்: எடையைவிட, கடிகாரத்தைத் துரத்துவதால் வரும் களைப்பைத்தான் முதலில் பாருங்கள் மேடம். முதல் சுற்றின் வீடியோவையும் மூன்றாவதன் வீடியோவையும் பக்கவாட்டிலிருந்து எடுத்து ஒப்பிடுங்கள். முதலில் இடுப்பை மடித்துத் தூக்குவீர்கள். களைத்ததும் இடுப்பு சட்டென்று மேலே போய்விடும், பார் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை விட்டு நாலு விரல் தள்ளிப்போகும், முதுகு வளைந்து சுமையை வாங்கிக்கொள்ளும். பார் காலை விட்டு விலகும் அந்த முறையோடு அன்றைய செட் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், வகுப்புப் பலகையில் எத்தனை முறை என்று எழுதியிருந்தாலும் சரி. கனமான தூக்கல்களை நேரப் போட்டியில் வைப்பதே எனக்கு உடன்பாடில்லை. வலி காலுக்குள் இறங்கினாலோ பாதம் மரத்தாலோ நேரில் காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரி.

கேள்வி (மதுரை): கிப்பிங் புல்-அப் தோளைக் கெடுக்குமா அண்ணே?

பதில்: சாதாரண புல்-அப் ஒழுங்காக ஐந்து வராதவர் கிப்பிங் என்று உடம்பை ஆட்டி இருபது எடுத்தால் கெடுக்கும். கீழே விழுந்து தொங்கும் ஒவ்வொரு முறையும் அந்த வேகத்தைத் தோள்தான் பிடித்து நிறுத்துகிறது. 2014இல் வந்த ஓர் ஆய்விலும் ஜிம்னாஸ்டிக் வகை அசைவுகளில் தோளும், எடை தூக்கலில் குறுக்கும்தான் அதிகம் அடிபட்டன. கோச் கூடவே நின்று பார்த்த இடங்களில் காயம் குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

கேள்வி: உள்ளங்கைக் காய்ப்பு பிய்ந்துவிட்டது.

பதில்: கழுவி, மூடி, ஆறும்வரை பாரில் தொங்காதீர்கள். அப்புறம் குளித்ததும் நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) தேய்த்துத் தட்டையாக வைத்திருங்கள், மேடாக இருந்தால்தான் மாட்டிப் பிய்யும்.

கேள்வி (பெயர் வேண்டாம்): இரண்டு குழந்தைக்குப் பிறகு கயிறு தாண்டும்போது சிறுநீர் கசிகிறது. எல்லாருக்கும் இருக்கும் என்கிறார்கள்.

பதில்: பலருக்கு இருக்கிறது, அதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை அம்மா. இடுப்புத்தளத் தசைக்கென்று பயிற்சி உண்டு, அதற்கென்றே பிசியோக்களும் இருக்கிறார்கள். அதுவரை தாண்டுவதற்குப் பதில் சைக்கிள்.

கேள்வி (திருச்சி, 52): கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் வகுப்பில் சேரச் சொல்கிறான். போகலாமா?

பதில்: போகலாம் ஐயா. ஆனால் மாத்திரை கொடுத்த டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். ஸ்டாட்டின் சிலருக்குத் தசையைப் பாதிக்கும், அதன்மேல் திடீர்க் கடும் பயிற்சியும் சேர்ந்தால் முதல் கேள்வியில் சொன்ன ஆபத்து கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. மே மாத மத்தியானத்தில் தகரக் கூரை ஷெட்டில் நடக்கும் வகுப்பைத் தவிருங்கள், காலையில் போங்கள். சேரும் முன் கோச்சிடம், "முதல் மாதம் எனக்கு எதைக் குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பாக்ஸ் ஜம்ப்புக்குப் பதில் ஏறி இறங்குங்கள், புல்-அப்புக்குப் பதில் ரிங்கைப் பிடித்துச் சாய்ந்து இழுங்கள் என்று உடனே சொல்பவர் என்றால் சேருங்கள். "எல்லாருக்கும் ஒரே ஒர்க்கவுட்தான்" என்றால் வேறு இடம் பாருங்கள். முதல் வகுப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இரண்டு நாள் விடுங்கள்.