கென்யப் பத்திரிகைகள் உண்மையிலேயே சுதந்திரமானவையா?

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யப் பத்திரிகைகள்தாம் ஆட்சியாளர்களுக்கு அஞ்சாமல் எழுதுகின்றன என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அண்டை நாடுகளோடு ஒப்பிட்டால் உண்மைதான். தான்சானியாவில் 2017ஆம் ஆண்டில் மட்டும் நான்கு இதழ்கள் தடை செய்யப்பட்டன. உகாண்டாவில் 2013 மே மாதம், ராணுவத் தளபதி ஒருவரின் கடிதத்தைப் பற்றி எழுதியதற்காக டெய்லி மானிட்டர் அலுவலகத்தைக் காவல்துறை பத்து நாள்கள் மூடி வைத்திருந்தது. ஆனால், கென்யத் தலைநகர் நைரோபியில் சில ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு நாள்தோறும் இரண்டு நாளிதழ்களைப் படித்து வந்தவன் என்ற முறையில் நான் சொல்வேன்: அங்கே ஒரு பத்திரிகை எவ்வளவு துணிவாக எழுதும் என்பது சட்டத்தைப் பொறுத்ததைவிட, அதன் முதலாளிக்கும் அந்த நேரத்து அதிபருக்கும் உள்ள உறவைப் பொறுத்தது.

இதற்கு நல்ல சான்று ஸ்டாண்டர்டு நாளிதழ். மொம்பாசாவில் 1902இல் இந்திய வணிகர் ஏ. எம். ஜீவஞ்சி தொடங்கிய இந்த இதழ், சில ஆண்டுகளிலேயே வெள்ளையர் கைக்குப் போய், குடியேற்றக்காரர்களின் குரலாக நெடுங்காலம் இருந்தது. பின்னாளில் அதிபர் டேனியல் அராப் மோய்க்கு நெருங்கிய வட்டாரத்தின் பிடிக்குள் வந்தது. மோய் பதவியில் இருந்தவரை அடக்கி வாசித்த அதே பத்திரிகை, 2002 தேர்தலுக்குப் பிறகு புதிய அதிபர் கிபாக்கியின் அரசைக் கடுமையாகத் தாக்கத் தொடங்கியது. விளைவாக, 2006 மார்ச் 2ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில், முகமூடி அணிந்த ஆயுதக் காவலர்கள் அதன் அச்சகத்தில் புகுந்து, அச்சாகியிருந்த பிரதிகளைத் தீயிட்டனர். அதே நிறுவனத்தின் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டனர். உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜான் மிச்சுகி இதை மறுக்கவில்லை. பாம்பைச் சீண்டினால் அது கடிக்கும் என்பதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். மோய் காலத்தில் நைரோபி லா மன்த்லி இதழின் ஆசிரியர் கிடோபு இமன்யாரா சிறைக்குப் போனதை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு, மோய் வட்டாரத்துப் பத்திரிகையே கருத்துச் சுதந்திரத்தின் சின்னமாகி நின்ற காட்சி சற்று வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும்.

கென்யாட்டா குடும்பத்தின் கதை இதைவிடச் சுவையானது. நாட்டின் முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டா, 1928இல் முயிக்விதானியா என்ற கிகுயு மொழி மாத இதழின் ஆசிரியராக இருந்தவர். அவருடைய மகன் உஹுரு கென்யாட்டா, தாம் அதிபராக இருந்தபோது, செய்தித்தாள் இறைச்சி மடிக்கத்தான் பயன்படும் என்று மேடையில் கிண்டலடித்தார். நைரோபியில் இறைச்சிக் கடைகளில் பழைய தாளில் மடித்துக் கொடுப்பது வழக்கம் என்பதால் கூட்டம் சிரித்தது. ஆனால் பீப்பிள் டெய்லி நாளிதழை நடத்தும் நிறுவனம் அவருடைய குடும்பத்தைச் சார்ந்தது என்பதை நைரோபிவாசிகள் அறிவார்கள். இத்தனைக்கும் அந்த இதழ், மோய் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று உடல்நலம் குலைந்த கென்னத் மடிபா தொடங்கியது.

முதலாளிக்கு அடுத்தபடியாகப் பேச வேண்டியது விளம்பரம். நைரோபியின் மையப் பகுதியில் காலையில் நடைபாதையில் பரப்பி வைத்த நாளிதழ்களைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று தலைப்புகளைப் படிக்கும். அவர்களில் காசு கொடுத்து வாங்குபவர்கள் சிலரே. எங்கள் அலுவலகத்திலும் டெய்லி நேஷன் நாளிதழ் வந்ததும் முதலில் பிரிக்கப்பட்டவை படத்தோடு வரும் மரண அறிவிப்புகளும், ஒப்பந்தப்புள்ளி கோரும் அரசு விளம்பரங்களும்தாம். விற்பனைப் பணத்தைக்கொண்டு மட்டும் ஒரு நாளிதழை ஓட்ட முடியாது என்பது கணக்கு எழுதுபவனுக்கு எளிதில் விளங்கும். 2017இல் உஹுரு அரசு, தன் துறைகள் தனியார் ஊடகங்களில் விளம்பரம் செய்வதை நிறுத்தி, அரசின் சொந்த வார வெளியீட்டுக்கு அவற்றைத் திருப்பிவிட ஆணையிட்டது. தடைச் சட்டம் எதுவும் இல்லாமலேயே ஆசிரியர் குழுவின் குரல்வளையைப் பிடிக்கும் வழி இது. முகமூடிக் காவலர்களைவிட இதையே நான் ஆபத்தானதாகக் கருதுகிறேன்.

இஸ்மாயிலி முஸ்லிம்களின் சமயத் தலைவர் ஆகா கான் 1960இல் தொடங்கிய அந்த டெய்லி நேஷன், யாருடைய கட்சிக்கும் சொந்தமில்லை என்பதால்தான் மதிப்புப் பெற்றது. அங்கேயும் 2016 ஜனவரியில், அதிபரை நேரடியாகக் கண்டித்துப் புத்தாண்டுத் தலையங்கம் எழுதிய டெனிஸ் கலவா வெளியேற்றப்பட்டார். நடைமுறையைப் பின்பற்றவில்லை என்பது நிர்வாகத்தின் விளக்கம். நிறுவன விதிகள் எல்லாவிடத்திலும் உண்டு என்பதால் அதை நான் முற்றிலும் ஒதுக்கமாட்டேன். ஆனால் அதே ஆண்டில் கேலிச்சித்திரக்காரர் காடோவின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. தேர்தல் வன்முறை தொடர்பாகப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் உஹுரு மீது தொடரப்பட்ட வழக்கைச் சுட்டி, அவருடைய காலில் சங்கிலியால் பிணைத்த இரும்புக் குண்டோடு அவரைத் தொடர்ந்து வரைந்தவர் காடோ. 2018 மார்ச்சில், ஆசிரியர் பிரிவுக்குச் சுதந்திரம் இல்லை என்று கூறி எட்டுப் பத்தி எழுத்தாளர்கள் சேர்ந்து விலகினர்.

எனவே கென்ய நாளிதழ்களைப் படிக்க விரும்பினால், ஒன்றை மட்டும் நம்பாமல் நேஷனையும் ஸ்டாண்டர்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒரே ஊழல் செய்தி ஒன்றில் முதல் பக்கத்திலும் மற்றொன்றில் உள்பக்கத்து மூலையிலும் இருந்தால், அந்த வாரம் யார் யாரோடு கூட்டணி பேசுகிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.