பினாங்கு பட்டணத்தில் மலிவு அறை: காசு கட்டும் முன்னும் பின்னும்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டது. சுங்கை சிப்புட்டில் இருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்தும் இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே பினாங்கில் தங்குவதைப் பற்றித்தான். அதனால் வேறு எதையும் கலக்காமல் இவற்றுக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர்கள், பினாங்கை நிதானமாகச் சுற்றிப் பார்த்ததே இல்லை. ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டு ஹோட்டலில் இரவுக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) என்று செயலியில் வருகிறது. படங்கள் அழகாக இருக்கின்றன. அம்மாவுக்கு முட்டி வலி. நம்பிக் காசு கட்டலாமா?

கட்டலாம், ஆனால் இன்றைக்கே வேண்டாம். முதலில் அந்த ஹோட்டலுக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்.

காரணம் இதுதான். அந்தக் கட்டடங்கள் ஹோட்டலுக்கென்று கட்டியவை இல்லை. கீழே கடை, மேலே குடும்பம் என்று ஆட்கள் வாழ்ந்த வீடுகள். முகப்பு ஒடுக்கமாக இருக்கும், உள்ளே நீளமாகப் போகும், இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவர், அதில் சன்னல் வைக்க வழியே கிடையாது. வெளிச்சமும் காற்றும் நடுவில் இருக்கும் திறந்த முற்றத்து வழியாகத்தான் வரும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிவுக்கு வந்து பழைய குடித்தனக்காரர்கள் பலர் காலி செய்துபோனார்கள். பிறகு 2008இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறி, சுற்றுப்பயணிகள் கூட்டமும் கூடியதும் இப்படிப்பட்ட வீடுகள் பல தங்கும் விடுதிகளாக மாறின. ஒரு வீட்டைப் பத்துப் பன்னிரண்டு அறையாகத் தடுத்தால் தெருவைப் பார்த்த அறை இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். மற்றவற்றில் சன்னல் இருக்காது, இருந்தாலும் அது நடைவழியைப் பார்த்துத் திறக்கும். மரபுடைமைப் பகுதி என்பதால் முகப்பை இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது, மின்தூக்கி வைப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. ஆக, மாடி என்றால் பெரும்பாலும் செங்குத்தான மரப்படிதான்.

உங்கள் அம்மாவுக்கு அந்தப் படிதான் பெரிய விஷயம், படத்தில் தெரியும் பூப்போட்ட தரை ஓடு இல்லை. கீழ்த்தளத்தில் அறை உண்டா, கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா அல்லது நடைவழிக் கடைசியில் பொதுவாக இருக்கிறதா, உட்காரும் கழிப்பறையா, கட்டில் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சில விடுதிகளில் தாழ்ந்த மரமேடை மேல் மெத்தையைப் போட்டிருப்பார்கள், படத்தில் பார்க்க நன்றாக இருக்கும், முட்டி வலிக்காரர் காலையில் எழுந்திருக்க ஆள் கைகொடுக்க வேண்டும். சன்னல் வேண்டுமென்றால் "சன்னல் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள், "சன்னல் வெளிப்பக்கம் திறக்குமா" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டு, வரும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். போனில் பேசினால் பேசியது காற்றோடு போய்விடும்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லவ் லேன், லெபோ சூலியா பக்கம் இரவு நேரக் கடைகள் அதிகம், லிட்டில் இந்தியாவில் பகல் முழுக்க ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். தெருப்பக்க அறையில் வெளிச்சம் உண்டு, தூக்கம் சந்தேகம். பின்பக்க அறையில் தூங்கலாம், வெளிச்சம் இருக்காது. வயதானவர்களுக்கு நான் பின்பக்கத்தைத்தான் சொல்வேன், பகலில் எப்படியும் வெளியேதானே இருக்கப் போகிறீர்கள். நட்ட நடுப் பட்டணத்தில் தங்கிவிட்டுத் தெருச் சத்தத்துக்காக ஹோட்டல்காரரிடம் காசைத் திருப்பிக் கேட்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

இன்னொன்று, பத்து வெள்ளி குறைகிறதே என்று "பணம் திரும்பத் தரப்படாது" என்ற விலையைத் தொட வேண்டாம். வயதான பெற்றோரை அழைத்துப் போகும் பயணம் எந்த நேரமும் தள்ளிப் போகலாம். அந்தப் பத்து வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் மொத்தத்தையும் விட வேண்டி வரும்.

கேள்வி: போன மாதம் ஜார்ஜ்டவுனில் இரண்டு இரவு தங்கினோம். நாங்கள் எல்லாரும் மலேசியர்கள். ரசீதில் அறை 160 வெள்ளி, சேவை வரி 12 வெள்ளி 80 காசு, சுற்றுலா வரி 20 வெள்ளி, மாநிலக் கட்டணம் 4 வெள்ளி, மொத்தம் 196 வெள்ளி 80 காசு என்று போட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு "எல்லாம் அரசாங்க வரி" என்றார் கவுண்டரில் இருந்த பெண். சரிதானா?

சரியில்லை. அந்த 20 வெள்ளி உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய காசு.

சுற்றுலா வரி 2017 செப்டம்பரில் வந்தது, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. அது வெளிநாட்டவருக்கு மட்டும். மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்த வரி கிடையாது, ஐசியை, அதாவது அடையாள அட்டையை, காட்டினால் போதும். ரசீதைப் படம் எடுத்து ஹோட்டலுக்கு அனுப்பி, நாங்கள் குடிமக்கள், வாங்கிய சுற்றுலா வரியைத் திருப்பித் தாருங்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள்.

மாநிலக் கட்டணம் உண்மையானது. பினாங்கு 2014இல் இதைத் தொடங்கியபோது மூன்று நட்சத்திரமும் அதற்குக் கீழும் உள்ள விடுதிகளுக்கு ஓர் இரவுக்கு 2 வெள்ளி என்று வைத்தார்கள். உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் என்ற பேதம் இதில் இல்லை. இரண்டு இரவுக்கு 4 வெள்ளி, அதில் தகராறு வேண்டாம்.

சேவை வரியைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு, ஆகவே 160க்கு 12.80 என்ற கணக்கு சரி. ஆனால் எல்லா ஹோட்டலும் அதை வாங்க முடியாது. தங்குமிட வருமானம் ஆண்டுக்கு 5 லட்சம் வெள்ளியைத் தாண்டும் நிறுவனம்தான் சுங்கத்துறையில் கட்டாயம் பதிய வேண்டும், பதியாதவர் சேவை வரி என்று ஒரு காசுகூட வாங்கக் கூடாது. நீங்களே கணக்குப் போடுங்கள்: பன்னிரண்டு அறை, அறைக்கு 80 வெள்ளி, வருடம் 365 நாளும் ஓர் அறை காலியில்லாமல் நிறைந்தாலும் 3 லட்சத்து 50 ஆயிரத்துச் சொச்சம்தான் வரும். அதற்காக அவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள், அதே முதலாளிக்கு அதே நிறுவனப் பெயரில் வேறு கிளைகள் இருக்கலாம், விருப்பப்பட்டுப் பதிந்தும் இருக்கலாம். ரசீதில் சேவை வரிப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி இணையப் பக்கத்தில் நிறுவனப் பெயரைப் போட்டால் பதிவு உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் அந்த 12.80ஐயும் கேட்கலாம், சுங்கத்துறைக்கும் தெரிவிக்கலாம்.

சில இடங்களில் இதற்கு மேல் 10 விழுக்காடு "சர்விஸ் சார்ஜ்" போடுவார்கள். அது அரசாங்கத்துக்குப் போவதில்லை, ஹோட்டலே வைத்துக்கொள்வது. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் கட்ட வேண்டும், சொல்லாமல் கடைசியில் ரசீதில் ஏற்றினால் மறுத்துப் பேசுங்கள்.

கேள்வி: சாவி கொடுக்கும்போது டெபாசிட்டுக்குப் பதிலாக ஐசியை வைத்துக்கொள்கிறேன் என்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. தங்குபவர் விவரத்தைப் பதிய வேண்டியது சட்டப்படி அவர்கள் கடமை, அதற்கு ஐசியைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். பிணையாகப் பிடித்து வைக்க ஹோட்டல்காரருக்கு அதிகாரம் இல்லை. 50 வெள்ளியோ 100 வெள்ளியோ ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கையெழுத்தோடு துண்டு ரசீது வாங்குங்கள். அறைக்குள் போனதும் உடைந்த குழாய், கறை படிந்த துவாலை, கீறல் விழுந்த தொலைக்காட்சி எது கண்ணில் பட்டாலும் உடனே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், அப்புறம் கிளம்பும்போது அதை உங்கள் தலையில் கட்ட முடியாது.

கேள்வி: சன்னல் உள்ள அறை என்று போட்டுத்தான் புக்கிங் செய்தோம், பணமும் முழுக்கக் கட்டியாகிவிட்டது. போனால் சன்னலே இல்லாத, ஈர வாடை அடிக்கும் அறை. ஹோட்டலில் கேட்டால் புக்கிங் தளத்திடம் பேசு என்கிறார்கள், தளத்தில் கேட்டால் ஹோட்டலிடம் பேசு என்கிறார்கள். 160 வெள்ளிதானே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். தெருச் சத்தமும் செங்குத்துப் படியும் அந்தக் கட்டடத்தோடு வருபவை, அவற்றுக்கு யாரையும் பிடிக்க முடியாது. வாக்குக் கொடுத்த சன்னல் இல்லாதது வேறு கதை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், ஒரு சேவையைப் பற்றிப் பொய்யாகவோ தவறாக எண்ணவைக்கும்படியோ சொல்வதைத் தடுக்கிறது.

அடுத்த முறை இப்படி நடந்தால் பெட்டியைத் திறக்கும் முன்னாலேயே அறையைச் சுற்றி வீடியோ எடுங்கள், நான்கு சுவரும் தெரிய வேண்டும். புக்கிங் பக்கத்தையும் அப்படியே படம் பிடித்து வையுங்கள், சன்னல் உண்டு என்ற அந்த வாசகத்தை அவர்கள் நாளைக்கே மாற்றிவிடலாம். பிறகு ஹோட்டலுக்கும் தளத்துக்கும் ஒரே செய்தியை எழுத்தில் அனுப்பி, அறையை மாற்றுங்கள் அல்லது வித்தியாசத்தைத் திருப்புங்கள் என்று கேளுங்கள். வேறு வழியில்லாமல் அதே அறையில் தங்கினீர்கள் என்றால் முழுப் பணத்தையும் கேட்பது எடுபடாது, சன்னல் உள்ள அறைக்கும் இல்லாத அறைக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கேளுங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமும் ஆட்சேபம் தெரிவிக்கலாம், ஆனால் தாமதிக்கக் கூடாது.

அப்படியும் அசையவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது, மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. மனுக் கட்டணம் 5 வெள்ளி. முதல் படிவத்தை, அதாவது போராங் 1ஐ, இணையத்திலேயே நிரப்பி அனுப்பலாம், மனுப் போட பினாங்குக்கு ஓட வேண்டியதில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம், பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பொதுவாக வழக்கறிஞர் வைத்து வாதாட இங்கே இடமில்லை, அதனால் எதிர்ப்பக்கம் பெரிய வக்கீலோடு வந்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். தீர்ப்புக்குப் பிறகு 14 நாளுக்குள் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம், அபராதமும் சிறையும்கூட உண்டு. தோட்டத்து ஆட்கள் நூற்றைம்பது, இருநூறு வெள்ளி என்றால் போகட்டும் என்று விட்டுவிடுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. அது இரண்டு மூன்று நாள் உழைத்த கூலி.

மனுவில் ஹோட்டலின் சரியான பெயர் வேண்டும். பலகையில் ஒரு பெயர் இருக்கும், பதிவு செய்த நிறுவனம் வேறொரு பெயரில் இருக்கும். இணையத்தில் விற்பவர் தன் பெயரையும் பதிவு எண்ணையும் முழு விலையையும் காட்ட வேண்டும் என்று 2013 முதலே விதி உண்டு. இருந்தாலும் ரசீதை வாங்கி வைத்துக்கொண்டால் தேடும் வேலை மிச்சம்.

கேள்வி: மலிவு ஹோட்டல் என்றாலே மூட்டைப்பூச்சி பயமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

மூட்டைப்பூச்சிக்கு மலிவு, விலை உயர்ந்தது என்ற கணக்கெல்லாம் இல்லை, அது பெட்டி படுக்கையோடு ஊர் ஊராகப் போகிறது. அறைக்குள் போனதும் பையைக் கட்டிலில் போடாதீர்கள், குளியலறைத் தரையில் வையுங்கள். தலைமாட்டுப் பக்கம் விரிப்பை மூலையோடு தூக்கி, கைப்பேசி விளக்கை அடித்து மெத்தைத் தையலைப் பாருங்கள். மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள், உரிந்த மெல்லிய தோல், ஏறக்குறைய 5 மில்லிமீட்டரில் தட்டையான பழுப்பு நிறப் பூச்சி, இவற்றில் எதைக் கண்டாலும் அந்த அறை வேண்டாம். கட்டிலின் தலைப்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கையும் பாருங்கள். பக்கத்து அறையைக் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், பலகைத் தடுப்பைத் தாண்டி வர அதற்கு நேரமாகாது.

கடி வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருந்தால் பையை வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் துணியை எல்லாம் டோபி கடைக்கு எடுத்துப்போய் சூடான உலர்த்தியில் நன்றாக ஓட்டுங்கள். அதைக் கொல்வது சூடுதான். பட்டினி போட்டால் சாகாது, ரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் இருக்கும்.

கேள்வி: தைப்பூசத்துக்கு லிட்டில் இந்தியாவிலேயே அறை எடுத்தால் வசதியா?

எதற்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரதம் பார்க்கத்தான் என்றால் அதைவிட நல்ல இடம் இல்லை. வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டில் இருந்தும், 2017 முதல் தங்க ரதம் குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலில் இருந்தும் முந்தைய நாளே புறப்படுகின்றன. காவடியும் நேர்த்திக்கடனும் என்றால் தண்ணீர்மலைப் பக்கம் அறை தேடுங்கள், மேலே பாலதண்டாயுதபாணி கோவிலுக்கு 513 படி ஏற வேண்டும், அதற்குப் பிறகு பட்டணம் வரை திரும்பி வருவது பெரிய பாடு.

காரில் போகாதீர்கள். சாலைகளை மூடிவிட்டால் கார் இருந்த இடத்திலேயே கிடக்கும், இந்தக் கடைவீட்டு ஹோட்டல்கள் பலவற்றில் நிறுத்த இடமும் கிடையாது. இங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, ஜெட்டியில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். சாதாரண நாளில் ஜெட்டியில் இருந்து பட்டணத்துக்குள் 'கேட்' (CAT) என்ற இலவசப் பேருந்தும் ஓடும்.

அந்த நாட்களில் விலை ஏறும், அறை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒருவர் வரத் தாமதமானால் அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. ரதத்தோடு நடந்துவிட்டு இரவு நேரம் கழித்துத்தான் வருவீர்கள் என்றால் அதை முன்கூட்டியே ஹோட்டலுக்கு எழுதி அனுப்பி, "சரி, அறையை வைத்திருப்போம்" என்ற பதில் கைப்பேசியில் வந்த பிறகு புறப்படுங்கள்.